கல்மரமும் சைலேன் மன்னாவும்



போன பதிவில் கங்கைகொண்டசோழபுரத்துச் சிங்கமுகக் கிணற்றைப் பற்றி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். மகிழ்ச்சி. இந்த முறை அரசர்கள் யாரும் கிடையாது. ஒரு கால்பந்து ஆட்டக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். மூட்டுவலிக்காரன் மூன்று நாள் உட்கார்ந்து தட்டியது, பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று கடைசியில் இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பேரனைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப் போனேன். உங்களில் பாதிப் பேரை நானே பள்ளிச் சுற்றுலாவாக அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்று நான் சொன்னதும், "அப்ப மீன் எங்க சார்?" என்று ஒருவன் கேட்டதும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கும். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரம் அப்படியேதான் கிடக்கிறது. கம்பி வேலி, பூங்கா எல்லாம் பின்னால் வந்தவை.

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. திருச்சியில் ஒரு கால்பந்துப் பயிற்சி முகாமுக்குப் போய்வருகிறான். அன்றைக்கும் ஆட்டச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். ஆனால் முகம் தொங்கிப் போயிருந்தது. என்னவென்று விசாரித்தால், பயிற்சியாளர் அவனைப் 'பேக்' ஆட நிறுத்திவிட்டாராம். அவனுக்கு முன்னால் போய்க் கோல் அடிக்க வேண்டும்.

"பேக் ஆடினா யாருக்கும் தெரியாது தாத்தா. நல்லா ஆடினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு பந்தை விட்டா மட்டும் திட்டுவாங்க. பேக்கா ஆடி யாராச்சும் பெரிய ஆளா ஆயிருக்காங்களா?"

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் விடமாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும்.

கல்மரத்தை உலகத்துக்குச் சொன்னது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. 1851-இல் தொடங்கிய துறை, தலைமையகம் கொல்கத்தா. நம் மண்ணுக்கும் அந்தத் துறைக்கும் பழைய உறவு உண்டு. 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற அதிகாரி இந்தப் பக்கம் சுற்றியலைந்து, இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகத்தில் எந்த நாட்டில் நிலவியல் படிக்கிறவருக்கும் 'அரியலூர்' என்ற பெயர் தெரிந்திருப்பது அதனால்தான். இந்தக் கல்மரத்தை 1940-இல் கண்டு பதிவு செய்தவர் அதே துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில், 1951-இல், அந்தத் துறைக்கே முதல் இந்திய இயக்குநரானவர்.

பேரனிடம் சொன்னேன்: "தம்பி, இந்தக் கல்மரத்தைக் கண்டுபிடிச்ச ஆபீஸ்ல சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் இந்தியாவோட பெரிய பேக் ஒருத்தர் வாழ்ந்தார். அவர் பேரு சைலேன் மன்னா."

அவன் நம்பவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினான். அன்று அவனுக்குச் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

சைலேந்திரநாத் மன்னா 1924 செப்டம்பர் 1-இல் ஹவுராவில் பிறந்தவர். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரை. 1940-இல், அதாவது சாத்தனூரில் கல்மரத்தைக் கண்டெடுத்த அதே ஆண்டில், ஹவுரா யூனியன் என்ற இரண்டாம் டிவிஷன் அணியில் ஆடத் தொடங்கினார். 1942-இல் மோகன் பகான் அணிக்குப் போனார். அதன் பிறகு வேறு எங்கும் போகவில்லை. 1960-இல் ஓய்வு பெறும் வரை 19 ஆண்டுகள் ஒரே அணி. நம் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் 19 ஆண்டு வேலை பார்த்த ஆசிரியரையே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மோகன் பகான் என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1911 ஜூலை 29-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு என்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அணியை 2-1 என்று வென்ற அணி அது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதீர் சாட்டர்ஜி. அவரும் ஒரு பேக்தான்! வங்கப் பிரிவினை நடந்து ஆறு ஆண்டு ஆகியிருந்த நேரம். அந்த வெற்றியைச் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பக்கமாகவே வங்காளத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த ஷீல்டை அவர்கள் மறுபடி வெல்ல 36 ஆண்டு ஆனது. 1947-இல் வென்றபோது பின்வரிசையில் மன்னா இருந்தார்.

அந்தக் காலத்து ஆட்ட முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மன்னாவின் வேலை எவ்வளவு கனமானது என்பது புரியாது. இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிறீர்களே, பின்னால் நான்கு பேர், சில நேரம் ஐந்து பேர் நிற்கிறார்கள். அப்போது கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே பேக். அவர்களுக்கு முன் மூன்று ஹாஃப்பேக், அதற்கும் முன் ஐந்து ஃபார்வர்டு. எதிரணியின் ஐந்து பேர் பாய்ந்து வந்தால் ஹாஃப்பேக்குகளைத் தாண்டிய பிறகு நிற்பது இரண்டு பேர் மட்டும். ஓடிப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிற பேக் அங்கே தேறமாட்டான். பந்து எங்கே வரப்போகிறது என்பதை அது கிளம்பும் முன்பே ஊகித்து அங்கே போய் நிற்க வேண்டும். மன்னாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அந்த ஊகத்தைத்தான். கூட ஆடும் பேக் ஏமாந்துவிட்டால் அவன் விட்ட இடத்தையும் தானே போய் மூடுவார். இடப்பக்கம் ஆடியவர். ஃப்ரீகிக் கிடைத்தால் அவர் உதை பலமானது. இவ்வளவும் வெறுங்காலில், கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, கொல்கத்தா மழைக்காலச் சேற்றில்.

இனி 1948-க்கு வருவோம். சுதந்திரம் வந்து ஓராண்டு நிறையவில்லை. லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்கு நாகாலாந்துக்காரர் டாக்டர் தாலிமெரன் ஆவ் கேப்டன். ஜூலை 31-இல் லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்சோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன் என்பதைக் கும்பகோணத்துப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொன்னால் பெருமைப்படுவார்கள். ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்து 2-1 என்று ஜெயித்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன. இரண்டுமே வீணாயின. வீணாக்கியவர்களில் ஒருவர் சைலேன் மன்னா.

யோசித்துப் பாருங்கள். நாட்டின் முதல் ஆட்டம். எதிரே பிரான்ஸ். பெனால்டியில் ஒன்று உள்ளே போயிருந்தாலே வரலாறு வேறு. அந்தப் பையனுக்கு அப்போது 23 வயது, 24 நிறையவில்லை. ஊருக்குத் திரும்பியதும் என்ன பேச்சு கேட்டிருப்பான் என்பதை நம் ஊர் டீக்கடைகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 1950. இங்கே நான் ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். வகுப்பில் உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்: பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது, ஆனால் வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா தடுத்துவிட்டதால் போகவில்லை என்று. நானும் யாரோ சொல்லக் கேட்டு, புத்தகத்தில் படித்து, அப்படியே உங்களுக்குக் கடத்திவிட்டேன். அது சரியில்லை.

நடந்தது இதுதான். நம் தகுதிப் பிரிவில் இருந்த மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் தானாக வந்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம்மைச் சேர்த்திருந்தார்கள். பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். நம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போ பயிற்சிக்கு நேரம் போதவில்லை, வீரர் தேர்வில் கருத்து வேறுபாடு என்று சொல்லி விலகிக்கொண்டது. வெறுங்கால்தான் காரணம் என்றால், இரண்டு ஆண்டு கழித்து 1952 ஒலிம்பிக்ஸில் நம்மவர்கள் எப்படி வெறுங்காலோடு ஆடினார்கள்? இந்த ஒரு கேள்வியை நான் அன்றே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதைப் பற்றி மன்னாவே வயதான காலத்தில் பேசியிருக்கிறார். பூட்ஸ் கதை சங்கத்துக்காரர்கள் பிறகு சொன்ன சாக்கு என்பது அவர் கருத்து. உலகக் கோப்பை என்றால் என்னவென்றே தங்களுக்குத் தெரியாது, ஒலிம்பிக்ஸ்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைத்திருந்தோம், விவரம் தெரிந்திருந்தால் தாங்களே முயற்சி எடுத்திருப்போம் என்ற பொருளில் சொன்னார். எனக்கு அதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. 25 வயதில் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவருக்கு, தன் வாழ்நாளின் பெரிய வாசல் திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. இந்திய ஆண்கள் அணிக்கு அந்த வாசல் இன்று வரை திரும்பத் திறக்கவில்லை.

இப்போது 1951. புது டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியக் கால்பந்து அணிக்கு ஒரு கேப்டன் வேண்டும். யாரைப் போட்டார்கள் தெரியுமா? மூன்று ஆண்டுக்கு முன் பெனால்டியைக் கோட்டைவிட்ட அதே சைலேன் மன்னாவைத்தான்.

பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 3-0. அரையிறுதியில் ஆப்கானிஸ்தானை 3-0. இறுதியாட்டத்தில் ஈரானை 1-0. கோல் அடித்தவர் மேவாலால். தங்கப் பதக்கம். சுதந்திர இந்தியாவின் கால்பந்துக்கு வந்த முதல் பெரிய வெற்றி.

மேவாலால் பெயரை எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்று ஆட்டத்தின் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 3-0, 3-0, 1-0. நாம் அடித்தது ஏழு. வாங்கியது ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று பூஜ்யங்களுக்குப் பக்கத்தில் யார் பெயரும் அச்சாவதில்லை. அங்கே இருக்க வேண்டியவை கோல்கீப்பர், ஹாஃப்பேக்குகளோடு மன்னா, அவரோடு ஆடிய பேக் ஆகியோரின் பெயர்கள். பேக் ஆடுகிறவன் சம்பாதிப்பது பூஜ்யம்தான். அதை நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தால் அணிக்குத் தங்கம் கிடைக்கும்.

இதைச் சொன்னபோது பேரன் கல்மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். "ஏழுக்கு பூஜ்யம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

கதை அதோடு முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் நடந்தது வேறு. 1952 ஜூலை 15, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். மன்னாதான் கேப்டன். எதிரே யூகோஸ்லாவியா. நமக்குப் பழக்கமில்லாத குளிர். நம்மவர்கள் பலர் வெறுங்கால். முடிவு 10-1. ஆம், பத்து. நமக்கு அந்த ஒரு கோலை அடித்தவர் அகமது கான். ஒரு பேக்குக்கு, அதுவும் கேப்டனாக இருக்கும் பேக்குக்கு, இதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை. அந்த யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் வரை போன அணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அடியால் ஒரு நன்மை நடந்தது. இனி பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. ரஹீம் ஆட்ட முறையையே மாற்றத் தொடங்கினார். நான்கு ஆண்டு கழித்து, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பெற்றோம். அந்த அரையிறுதியில் எதிரே நின்றதும் யூகோஸ்லாவியாதான். இந்த முறை 4-1. அந்த அணியில் மன்னா இல்லை. ஆனால் பத்திலிருந்து நான்குக்கு வந்த அந்த வழியில் முதல் அடி வாங்கியவர் அவர்.

ஹெல்சிங்கிக்குப் பிறகும் அவரைத் தூக்கி எறியவில்லை. 1953-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் ஆண்டு மலரில் உலகின் சிறந்த பத்துக் கேப்டன்களில் ஒருவராக அவரைக் குறிப்பிட்டது. அதே ஆண்டில்தான் மோகன் பகான் முதல்முறையாக டூராண்ட் கோப்பையை வென்றது. 1954 மணிலா ஆசியப் போட்டிக்கும் அவரே கேப்டன், அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை நான்கும் ஆடிய நாற்கோணப் போட்டியை நான்கு முறையும் இந்தியாதான் வென்றது, அதில் முதல் முறை மட்டும் பாகிஸ்தானோடு பகிர்ந்துகொண்டது. இலங்கையில் அந்தப் போட்டியைக் கொழும்புக் கோப்பை என்பார்கள்.

சரி, இவ்வளவு ஆடியவர் எவ்வளவு சம்பாதித்தார்? மாணவர்கள் கட்டாயம் கேட்பீர்கள், பேரனும் கேட்டான். கால்பந்தால் அவர் சம்பாதிக்கவில்லை. 19 ஆண்டில் மோகன் பகானிடம் வாங்கியது 19 ரூபாய் என்று கொல்கத்தாவில் சொல்வார்கள். சோறு போட்டது புவியியல் ஆய்வுத் துறை வேலை. ஆடிவிட்டு அலுவலகம், அலுவலகம் விட்டு ஆட்டம்.

அப்போது நம் நாட்டில் கால்பந்து பேருக்கு அமெச்சூர் ஆட்டம். காசுக்கு ஆடுவது கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள். இங்கிலாந்தில் 1885-லேயே காசுக்கு ஆடுவதைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். அங்கேயும் 1961 வரை சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, கடைசியாக வாரத்துக்கு 20 பவுண்டு. நம் நாட்டில் தேசிய அளவில் ஒரு லீக் வந்ததே 1996-இல்தான். அதுவரை ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி, அரசுத் துறை என்று எங்காவது ஒரு நாற்காலி கிடைத்தால்தான் ஆட்டக்காரன் வீட்டில் அடுப்பு எரியும். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு குடும்பங்கள் இருக்கின்றன.

மன்னா காசு வாங்காமல் ஆடினார் என்பதைத் தியாகம் என்று புகழ்வது எளிது. நானும் புகழ்கிறேன். ஆனால் அவரைப் போல ஆடத் தெரிந்து, அவருக்குக் கிடைத்த வேலை கிடைக்காமல் எத்தனை பேர் மைதானத்தை விட்டுப் போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இன்றைக்கு ஐ.எஸ்.எல். ஒப்பந்தத்தில் ஒரு பேக் நல்ல சம்பளம் வாங்குகிறான் என்றால் அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அது மன்னாவுக்குக் கொடுக்க மறந்த கூலி.

1971-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2000-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை 'ஆயிரமாண்டின் கால்பந்து வீரர்' என்று கௌரவித்தது. ஃபார்வர்டுகள் அத்தனை பேர் இருக்க, ஒரு பேக்குக்கு அந்தப் பட்டம். 2012 பிப்ரவரி 27-இல், 87 வயதில், கொல்கத்தாவில் காலமானார்.

பேரனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவன் கேட்ட ஒரே கேள்வி: "பெனால்டியை விட்டதுக்கு அப்புறமும் அவரைக் கேப்டனா போட்டாங்களா தாத்தா? அவரைத் திட்டலையா?"

அந்த இடத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1980-களின் நடுவில் ஒரு வருடம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. நான் வேலை பார்த்த பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் பணியிடம் காலி. கால்பந்து அணியை நான்தான் கவனித்துக்கொண்டேன். அரியலூரில் மண்டல அளவிலான ஆட்டம். நம் அணியில் இடப்பக்கம் பேக் ஆடியவன் ஒல்லியான ஒரு பையன். பூட்ஸ் கிடையாது, மற்ற பலருக்கும் கிடையாது. கடைசி வரை யாரும் கோல் போடவில்லை. பெனால்டி உதைக்கச் சொன்னார்கள். கடைசி உதை அவனுடையது. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. தோற்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "உன்னால பள்ளிக்கூடத்துக்கே அசிங்கம்" என்பது அதில் ஒன்று. அடுத்த ஆண்டு அணிப் பட்டியலில் அவன் பெயரை நான் எழுதவில்லை. அவனும் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நன்றாகப் படித்தான், இப்போது ஒரு சிமெண்ட் ஆலையில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். என் பதிவுகளுக்கு முதல் ஆளாக விருப்பம் போடுகிறவர்களில் அவனும் ஒருவன்.

சாத்தனூரிலிருந்து வந்த இரவு அவனுக்குத் தொலைபேசியில் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"அட, அது எப்பவோ சார். நீங்க இன்னும் அதை நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் ஆலையைப் பற்றி, அவன் அம்மாவின் உடல்நிலையைப் பற்றி, மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வைக்கப் போகும் நேரத்தில் கேட்டான்:

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு அந்த டீம் ஒரு கோல்கூட போடல. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதாவது, கோல் விழவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது. ஏன் விழவில்லை என்பதை இத்தனை ஆண்டில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அந்தப் பையன் அன்று எத்தனை பந்தைத் தடுத்தான், எத்தனை முறை விழுந்து எழுந்தான், முழங்காலில் ரத்தம் இருந்ததா, ஒன்றுமே என் நினைவில் இல்லை. வானத்தில் போன அந்த ஒரு பந்து மட்டும் நேற்று பார்த்தது போல இருக்கிறது. நாற்பது ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தவனின் நினைவு இப்படித்தான் இருந்திருக்கிறது.

1948-இல் மன்னா பெனால்டியை விட்டபோது அவரை என்னைப் போன்ற ஒருவர் கையில் கொடுத்திருந்தால் 1951-இல் அந்த மூன்று பூஜ்யங்கள் இருந்திருக்காது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கோட்டைவிட்ட ஒரு உதையைப் பார்த்தார்கள், அவர் தடுத்த நூறு பந்தையும் பார்த்தார்கள். நான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம். எம் பொண்ணு உங்க பதிவு படிப்பா" என்றான். ஆகவே பெயர் எழுதவில்லை. தம்பி, அந்த பஸ்ஸில் நாற்பது பேர் முன்னால் பேசினேன், அதனால் மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். அன்று நீ நன்றாக ஆடினாய். ஒரு கோலும் விழவிடவில்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

என் மாணவர்களில் ஏழெட்டுப் பேர் இப்போது உடற்பயிற்சி ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற பெற்றோர் இன்னும் நிறையப் பேர். ஆட்டம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை கோல் போட்டே?" என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். பேக் ஆடும் பிள்ளையிடம் "எத்தனை தடுத்தே?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவன் மறக்காமல் கணக்கு வைத்திருப்பான்.

பேரன் ஊருக்குப் போய் நேற்று பேசினான். இன்னும் பேக்தான் ஆடுகிறானாம். சனிக்கிழமை ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்தார்களாம்.

"ரெண்டு கோல் யாருடா போட்டது?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம்.

"அது யாரோ போட்டாங்க தாத்தா. பூஜ்யம் என்னுது" என்றான்.

கல்மரத்தைப் பார்க்காதவர்கள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் கடுமை. தண்ணீர் கொண்டுபோக மறக்காதீர்கள். எழுத்துப் பிழை, தகவல் பிழை எது இருந்தாலும் தயங்காமல் கீழே சுட்டிக்காட்டுங்கள். உலகக் கோப்பை விஷயத்தில் திருத்திக்கொண்டது போல அதையும் திருத்திக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்